நாலு புள்ளி ஆறு

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் போகிற வழியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் எங்கள் பட்டறை இருந்தது. எங்கள் என்றால் நானும் என் பெரியப்பா மகனும். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். அண்ணன் கீழ்பென்னாத்தூரில் மோட்டார் ஸ்டார்ட்டரும் டிவியும் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர். நான் எம்.சி.ஏ. படித்துவிட்டு சென்னையில் இரண்டு வருடம் புரோகிராம் எழுதினேன். கல்யாணமாகி ஊருக்கே திரும்பியதும் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அண்ணனோடு சேர்ந்துகொண்டேன். அறையில் இரண்டு மேஜைகள். ஜன்னல் பக்கத்து மேஜையில் அவர் சால்டரிங் வைப்பார். சுவர் பக்கத்து மேஜையில் என் கம்ப்யூட்டர். நடுவில் நாலு தப்படி இடம் இருந்தது.

எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்தது. மாவட்டத்தில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி வைக்கிற ஃபிரிட்ஜுகளுக்கு ஒரு இயந்திரம் வேண்டும் என்றார்கள். தடுப்பூசி மருந்து இரண்டு டிகிரிக்குக் கீழேயும் போகக் கூடாது, எட்டுக்கு மேலேயும் போகக் கூடாது. ஃபிரிட்ஜுக்குள் எத்தனை டிகிரி என்று இயந்திரம் வெளியே எண்ணில் காட்ட வேண்டும். குறித்து வைத்ததைத் தினமும் காலையில் தொலைபேசி வழியாக எங்கள் கம்ப்யூட்டருக்கு அனுப்பவும் வேண்டும். பரீட்சார்த்தமாகப் பத்து. சரியாக வந்தால் மற்ற ஊர்களுக்கும்.

அண்ணன் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், யாரோ கழித்துப் போட்ட சின்னச் சின்ன கம்ப்யூட்டர் போர்டுகளைக் கட்டாக வாங்கி வந்தார். பழைய சிப்தான், ஆனால் நல்ல நிலையில் இருந்தது. நிரந்தரமாகச் சேமித்து வைக்க அதில் இருந்த இடம் இரண்டு மெகாபைட். இன்று செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோ கூட அதில் அடங்காது. அந்த இடத்துக்குள் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்க வேண்டும், என் புரோகிராம் இருக்க வேண்டும், ஒரு மாதத்துக் குறிப்புகளுக்கும் இடம் வேண்டும்.

லினக்ஸை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். அது எல்லோருக்கும் பொதுவானது. எழுதினவர்கள் அதன் மூல வரிகளையே யாரும் படிக்கும்படி திறந்து வைத்திருந்தார்கள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம். திருத்தி வெளியே கொடுத்தால் திருத்தத்தையும் அதே போலத் திறந்து கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சி.டி.யில் இருந்த முழு சிஸ்டம் என் போர்டின் இடத்தைப் போல நூறு மடங்குக்கு மேல். அதனால் என் வேலையில் முக்கால்வாசி எழுதுவதாக இல்லை, நீக்குவதாக இருந்தது. இந்த இயந்திரத்துக்கு மவுஸ் கிடையாது, அதை எடு. சத்தம் கிடையாது, எடு. பிரிண்டர் கிடையாது, எடு. ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்ப்பேன். சில நேரம் எதற்கென்றே தெரியாத ஒன்றை எடுத்ததும் மொத்தமும் படுத்துவிடும். சரி, இது வேண்டும் போலிருக்கிறது என்று திருப்பி வைப்பேன்.

அண்ணன் தினமும் காலையில் வந்ததும் கேட்பார்.

"இன்னா பாப்பா, இன்னிக்கு எவ்ளோ எளைச்சிருக்குது?"

"நாப்பது கேபி கம்மி ஆயிருக்குண்ணா."

"பரவால்ல, ஆஸ்பத்திரில சேக்கற அளவுக்கு வுட்டுடாத."

இதே வேலையைச் செய்கிறவர்கள் உலகத்தில் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. சின்ன இயந்திரங்களுக்குள் இந்த சிஸ்டத்தை அடக்குவது எப்படி என்று ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வார்கள். காலையில் இணைப்பைப் போட்டு, அந்த மோடம் கிறீச்சிட்டு முடிந்ததும், கடிதங்கள் ஒவ்வொன்றாக இறங்கும். நான் இரண்டு மாதம் படிக்க மட்டுமே செய்தேன். பிறகு தொலைபேசி இணைப்புப் பகுதியில் ஒரு தவறைக் கண்டுபிடித்து, திருத்தி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. எந்த நாட்டுக்காரர் என்று கூடத் தெரியாத ஒருவர், இரண்டே வரியில் எழுதியிருந்தார். திருத்தம் சரிதான், ஆனால் இதைப் பாதி வரிகளில் எழுத முடியாதா என்று. எனக்குச் சுருக்கென்றது. மத்தியானம் வரைக்கும் கோபமாகவே உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டு வந்து மறுபடி பார்த்தபோது, பாதியில் எழுத முடியும் என்று தெரிந்தது. எழுதி அனுப்பினேன். சேர்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு ஜிலேபி வாங்கிக்கொண்டு போனேன். எதற்கென்று என் வீட்டுக்காரருக்குப் புரியவைக்க முடியவில்லை.

பத்து இயந்திரமும் தயாராகிற நேரத்தில் எனக்கும் அண்ணனுக்கும் ஒரு மனத்தாங்கல் வந்தது. நான் எழுதினதை எல்லாம் அந்தக் குழுவில் போடப் போகிறேன் என்றேன். அவர் சால்டரிங் கம்பியை ஸ்டாண்டில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அஞ்சு மாசம் உக்காந்து எழுதினத சும்மா தூக்கிக் குடுத்துடுவியா? நாளைக்கு எவனாவது இதே ஊர்ல பத்து மிஷின் போட்டு வெப்பான்."

"நாம எடுத்ததும் அப்படிச் சும்மா குடுத்ததுதானேண்ணா."

"அவங்க யாரும் வேங்கிக்கால்ல கடை போட மாட்டாங்க பாப்பா. நமக்குப் பக்கத்துலயே போடறவன் இருக்கான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மூலத்தில் நான் திருத்தினதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று நிபந்தனையைக் காட்டினேன். என் சொந்த புரோகிராமைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லைதான். ஆனால் பாதியை ஒளித்து வைத்துக்கொண்டு அந்தக் குழுவில் பேச எனக்கு முகம் இருக்காது என்றேன். கடைசியில் அவர், "உன்னுது நீ குடு. என் சர்க்யூட்டக் கேக்காத" என்றார். அத்தோடு விட்டுவிட்டோம். இரண்டு நாள் டீ தனித்தனியாகக் குடித்தோம்.

இனிமேல்தான் நான் செய்த தவறு வருகிறது.

இயந்திரத்தில் ஒரு காவல் புரோகிராம் இருந்தது. வேறொருவர் எழுதினது. மற்ற புரோகிராம் உயிரோடு இருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும். அசைவில்லாமல் நின்றிருந்தால் இயந்திரத்தையே அணைத்து மறுபடி கிளப்பும். மூன்று வாரம் இயந்திரத்தை மேஜை மேல் ஓட்டிப் பார்த்தோம். ஒருமுறை கூட அதற்கு வேலை வரவில்லை. ஆனால் அதனால் என் மொத்த அளவு கொஞ்சம் வழிந்து, குறிப்புகளுக்கு ஒதுக்கிய இடத்தில் ஒரு துண்டைத் தின்றது. ஒரு மாதக் குறிப்பு இருபத்தாறு நாளாகச் சுருங்கியது. எனக்கு அது உறுத்தியது. வேலையே செய்யாத ஒன்றுக்கு எதற்கு இடம் என்று அதை எடுத்தேன். எல்லாம் கச்சிதமாக அடங்கியது. அளவைக் குழுவில் எழுதினேன். நாலைந்து பேர் பாராட்டினார்கள். தூரத்து நாட்டில் கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டிகளை இயக்க என் புரோகிராமை அப்படியே எடுத்துக்கொண்டதாக ஒருவர் எழுதினார். தலைகால் புரியவில்லை எனக்கு.

இயந்திரங்களைப் பொருத்தி நாலு மாதம் எந்தப் பிரச்சினையும் இல்லை. கோடை வந்தது. ஒரு புதன்கிழமை காலை, பட்டறையைத் திறந்து விளக்கு போட்டதும் போன் அடித்தது. கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு ஊரில் இருந்த சுகாதார நிலையத்து நர்ஸ். என் வயதுதான் இருக்கும். இயந்திரத்தைப் பொருத்தின அன்று எங்களுக்கு மோர் வாங்கிக் கொடுத்தவர்.

"மேடம், உங்க மிஷின் நாலு புள்ளி ஆறுன்னு காட்டுது."

"நல்லாத்தானே இருக்குங்க?"

"உள்ள கைய வெச்சா வெதுவெதுன்னு இருக்குதுங்க."

அண்ணனின் பைக்கில் உடனே கிளம்பினோம். வழியெல்லாம் அவர் சென்சார் கம்பி கழன்றிருக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். சனிக்கிழமையில் இருந்து அந்த நிலையத்தின் காலை அழைப்பு வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வாரக் கடைசியில் பௌர்ணமி. பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் போன் லைன் கிடைக்காது. இரண்டு நாள் கழித்து மொத்தமாக வந்து சேரும் என்று நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

அங்கே போனபோது சிமெண்ட் பெஞ்சுகளில் கைக்குழந்தைகளோடு இருபது பெண்களுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். புதன்கிழமைதான் ஊசி போடுகிற நாள். நர்ஸ் எங்களை ஃபிரிட்ஜ் அறைக்கு அழைத்துப் போனார். ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசர் எப்போதோ நின்றுபோயிருந்தது. ஃபிரிட்ஜ் ஓடவே இல்லை. அதன் தலைக்கு மேலே, வேறு பிளக்கில் ஓடிய எங்கள் இயந்திரம் சிவப்பு எழுத்தில் பளிச்சென்று நாலு புள்ளி ஆறு காட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்துச் சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தது. தினமும் காலை, மாலை இரண்டு வேளையும் டிகிரியைப் பார்த்து எழுத வேண்டும். சனிக்கிழமை காலையில் நாலு புள்ளி ஆறு. மாலையில் நாலு புள்ளி ஆறு. ஞாயிறு, திங்கள், செவ்வாய், எல்லாம் அதே. வெவ்வேறு கையெழுத்துகளில், நீல மையிலும் கறுப்பு மையிலும் அதே எண். யாரும் கவனக்குறைவாக இருக்கவில்லை. எங்கள் இயந்திரம் சொன்னதை ஒவ்வொரு வேளையும் ஒழுங்காக எழுதியிருந்தார்கள்.

"பழசா ஒரு தெர்மாமீட்டர் உள்ள கெடந்துதுங்க. உங்க மிஷின் வந்தப்புறம் எதுக்குன்னு எடுத்துட்டோம்" என்றார் நர்ஸ்.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று அண்ணன் கேட்டார்.

அவர் ஒரு போலியோ மருந்துக் குப்பியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். லேபிளில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு சதுரம்.

"உள்ள இருக்கற சதுரம் வெளுப்பா இருக்கணும். சூடு பட்டா கறுத்துக்கினே வரும். வட்டத்துக்கு சமமா ஆயிட்டா மருந்த தூக்கிப் போட்டுடணும். முதல் கொழந்தைக்கு எடுக்கும்போதே பாத்துட்டேன். மிஷின் நல்லாருக்குதுன்னு சொல்லுது, இது கெட்டுப்போச்சுன்னு சொல்லுது. நான் இதத்தான் நம்பினேன்."

எந்தக் குழந்தைக்கும் கெட்டுப்போன மருந்து போகவில்லை. அதைக் கேட்டதும் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து நிலையத்தில் இருந்து மருந்து கொண்டுவர ஐஸ் பெட்டியோடு ஆள் அனுப்பியிருந்தார் நர்ஸ். அது வந்து சேர மத்தியானம் ஆனது. அதுவரை எல்லோராலும் காத்திருக்க முடியவில்லை. "மல்லாட்ட புடுங்க ஆள் வெச்சிருக்கேன், நான் போவணும்" என்று கடலைக் கொல்லை வைத்திருந்த ஒரு பெண், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பின்னாலேயே இன்னும் ஏழெட்டுப் பேர் போனார்கள். அவர்களை மறுபடி வரவழைக்க நர்ஸ் வீடு வீடாகப் போக வேண்டியிருக்கும்.

இயந்திரத்தைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் பிடித்தது. சனிக்கிழமை காலை எங்களுக்கு போன் போட முயன்றிருக்கிறது. பாதி இணைப்பில் லைன் தொங்கியிருக்கிறது. என் புரோகிராம் மறுமுனையின் பதிலுக்காகக் காத்துக்கொண்டே நின்றுவிட்டது. டிகிரி பார்ப்பதும், எண்ணை மாற்றுவதும் அதே புரோகிராம்தான். வெளியே தெரிகிற எண், மாற்றச் சொல்லும்வரை கடைசியாகச் சொன்னதையே காட்டிக்கொண்டிருக்கும். நான் எடுத்துப் போட்ட அந்தக் காவல் புரோகிராம் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் சரியாகியிருக்கும்.

அண்ணனிடம் சொன்னேன். அவர் போர்டைத் திருப்பிக் காட்டினார்.

"அந்த வேலைக்கு சிப்புலயே ஒரு பின் இருக்குது பாப்பா. புரோகிராம் அப்பப்ப அதைத் தட்டிக்கினே இருக்கணும். தட்டலைன்னா மிஷின் தானே ரீசெட் ஆயி மறுபடி கிளம்பிடும்."

"என்னண்ணா சொல்றீங்க? என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"ஆரம்பத்துல டெஸ்ட் பண்ணும்போது சும்மா சும்மா ரீசெட் ஆச்சு. தொல்லைன்னு ஒரு கம்பி வெச்சு நான்தான் அடைச்சுட்டேன். உனக்கு அது வேணும்னு எனக்குத் தெரியாதே."

பத்து போர்டிலும் அந்தக் கம்பி இருந்தது. நான் என் மேஜையில் இடமில்லை என்று எடுத்துப் போட்ட அதே காவலை அவர் பக்கத்து மேஜையில் ஏதோ தொந்தரவு என்று அடைத்து வைத்திருந்தார். உலகத்துக்கே என் புரோகிராமைக் கொடுத்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நான், நாலு தப்படி தள்ளி உட்கார்ந்திருந்தவரிடம் எதை நீக்கினேன் என்று சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. இருவரும் சிரிக்கவும் இல்லை, சண்டை போடவும் இல்லை.

"சத்தமில்லாம பத்தையும் மாத்திடலாம். பெருசு பண்ணாத" என்றார்.

"நர்ஸுகிட்ட மேலதிகாரிங்க விளக்கம் கேட்டிருக்காங்களாம். இன்னிக்கு போன்ல சொன்னாங்க. நாலு நாள் தப்பா எழுதியிருக்கீங்களேன்னு."

நான் ஒரு வெள்ளைத் தாளில், மாவட்ட சுகாதார அதிகாரிக்கும் தொண்டு நிறுவனத்துக்கும், எண் மாறாமல் நின்றது இயந்திரத்தின் குற்றம், அதில் ஊழியர்கள் தவறு எதுவும் இல்லை, காரணம் இன்னது என்று எழுதினேன். என் பெயருக்குப் பக்கத்தில் இடம் விட்டு அவரிடம் நீட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேல வேலை குடுக்க மாட்டாங்க, தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். கையெழுத்துப் போட்டார்.

இன்னொரு கடிதம் எழுதுவது இதைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்தக் குழுவுக்கு. என் இங்கிலீஷ் அவ்வளவு சரளம் இல்லை. நான் பெருமையாகச் சொன்ன அளவு எதை நீக்கிக் கிடைத்தது, அதனால் என்ன ஆனது, அந்த வேலைக்கென்றே சிப்பில் ஒரு பின் இருந்தது, என் புரோகிராமை எடுத்துக்கொண்டவர்கள் உடனே நிறுத்துங்கள் என்று எழுத ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. அனுப்பிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தேன். மறுநாள் காலை அதைத் திறக்கவே கை வரவில்லை. அண்ணன்தான் வந்து பட்டனை அமுக்கினார்.

கோழிக்குஞ்சுக்காரரின் பதில் முதலில் இருந்தது. இரண்டு தடவை அவருடைய முட்டைகள் மொத்தமாக வீணாகியிருக்கின்றன. தன் ஒயரிங்தான் சரியில்லை என்று மூன்று முறை பிரித்துப் பிரித்து மாட்டினாராம். என் கடிதத்தைப் படித்ததும், தன் மேல் தப்பில்லை என்று மனைவியை அழைத்துக் காட்டினாராம். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அவருடைய போர்டில் அந்தப் பின் இருக்கிறதா, எப்படி இணைப்பது, ஒரு படம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.

நான் அண்ணனுக்கு அதைத் தமிழில் படித்துச் சொன்னேன். படம் என்று வந்த இடத்தில் நிறுத்தினேன்.

"எத்தினி முட்டையாம்?" என்று கேட்டார்.

"எழுதலண்ணா. மொத்தமும்னு இருக்கு."

அவர் மேஜைக்குப் போய் அளவுகோலையும் பென்சிலையும் எடுத்தார். சாயங்காலம் வரை உட்கார்ந்து, தன் சர்க்யூட் முழுவதையும் ஒரு பெரிய தாளில் வரைந்தார். பின்னுக்கு மட்டும் வரைந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. கீழே ஜெராக்ஸ் கடைக்காரரிடம் ஸ்கேனர் இருந்தது. படத்தை ஏற்றி அனுப்ப அரை மணி நேரம் ஆனது. நடுவில் ஒருமுறை லைன் அறுந்தது. அண்ணன் நின்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழுவில் இன்னொருவர், பாதி வரிகளில் எழுதச் சொன்ன அதே ஆள், அந்தப் பின்னைத் தட்டுவதற்கு முப்பது வரியில் ஒரு புரோகிராம் எழுதி அனுப்பினார். என் குறிப்புகளுக்கு ஒரு மாத இடம் அப்படியே இருந்தது. நீக்க வேண்டியது எது, நீக்கக் கூடாதது எது என்று எனக்கு அப்போதும் முழுதாகத் தெரியவில்லை. ஆனால் எதை நீக்கினாலும் ஏன் நீக்கினேன் என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதி வைக்கிற பழக்கம் அன்றிலிருந்து வந்தது. அந்த நோட்டின் முதல் பக்கத்தை அண்ணனும் படித்தார்.

திருத்தின இயந்திரத்தோடு நர்ஸிடம் போனபோது, அவர் முன்பு போலச் சிரிக்கவில்லை. பொருத்தி முடிக்கிறவரை கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு புதுத் தெர்மாமீட்டர் தொங்கியது.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? அதுக்குத் தெரியாதப்போ தெரியலைன்னு காட்டற மாதிரி பண்ண முடியுமா? நம்பர் காட்டினா நாங்க நம்பிடறோம்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. மறுவாரம் அந்த மாற்றத்தையும் செய்தேன். ஐந்து நிமிடத்துக்குள் புது அளவு வராவிட்டால் எண் அழிந்து மூன்று கோடு விழும். அதற்கு ஆனது பதினோரு வரி. பத்து ஊருக்கும் பைக்கில் போய் மாற்றினோம். ஒரு ஊரில் மட்டும் கோடு விழுந்ததும் மிஷின் கெட்டுவிட்டது என்று துணி போட்டு மூடிவிட்டார்கள். இன்னொரு முறை போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். எங்கள் கடிதத்துக்குப் பிறகு நர்ஸ் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. அதை அவரே போனில் சொன்னார். அன்றைக்குக் காத்திருக்காமல் போன பெண்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் வந்துவிட்டார்கள், அந்த ஒருவரும் அம்மா வீட்டு ஊரில் குழந்தைக்கு ஊசி போட்டுவிட்டாராம் என்றும் சொன்னார்.

தொண்டு நிறுவனம் மேற்கொண்டு வேலை தரவில்லை. அண்ணன் சொன்னது போலத்தான் ஆனது. நாங்கள் இன்வெர்ட்டரும், பள்ளிக்கூடங்களுக்கு மணி அடிக்கிற டைமரும் செய்தோம். பக்கத்தில் யாரும் எங்கள் இயந்திரத்தைக் காப்பியடித்துக் கடை போடவில்லை. போட்டிருந்தால் கொஞ்சம் பெருமையாகக் கூட இருந்திருக்கும் என்று அண்ணன் பிற்பாடு ஒருநாள் சொன்னார். பத்தில் ஆறு இயந்திரங்கள் நாலைந்து வருடம் ஓடின. பிறகு கம்பெனி இயந்திரங்கள் வந்தன.

என் பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம், பட்டறையை அண்ணனிடம் விட்டுவிட்டு நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கினேன். குழுவின் கடிதங்களைப் படிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. ஒருநாள் காலையில், நான் முதன்முதலில் அனுப்பிய அந்தத் தொலைபேசித் திருத்தத்தை யாரோ ஒரு புதியவர் மொத்தமாக நீக்கியிருந்தார். ஏன் நீக்கினேன் என்று ஒரு வரி எழுதியிருந்தார். இப்போதைய இயந்திரங்களில் அந்த மாதிரி போன் லைன் இல்லை, எண்ணூறு பைட் மிச்சம் என்று. நான் அவர் செய்ததை வரி வரியாகச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டுவிட்டு, பெண்ணுக்குத் தலை வாரப் போனேன்.